நோட்டீஸ் அடித்துத் தராத ராத்தா

கடைக்குப் பலகையில் ஒரு பெயர் இருந்தது. அதை வாசித்தவர் எவரையும் நான் கண்டதில்லை. ஊருக்கு அது 'கொமினிகேஷன்', அவ்வளவுதான். போட்டோக் கொப்பி, லெமினேட்டிங், ரீலோட், பாஸ்போட் சைஸ் படம், பரீட்சைக்குப் பேனை எல்லாம் அங்கேதான். பாலாவியிலிருந்து கல்பிட்டிக்குப் போகும் வீதியில், எங்கள் ஊர்ப் பஸ் ஹோல்ட்டுக்கு நேர் எதிரே இருந்தது. கடல் ஒரு பக்கம், களப்பு என்கிற உப்பு நீரேரி ஒரு பக்கம் என்று இருக்கிற ஒடுங்கின நிலம் எங்களுடையது. காற்றுக் காலத்தில் கடைக் கதவைத் திறந்தால் மேசையில் இருக்கிற கடுதாசி எல்லாம் எழும்பிப் போய்விடும். அதனால் அந்தக் கடையில் எல்லாவற்றுக்கு மேலும் ஏதாவது பாரம் இருக்கும். விண்ணப்பப் படிவத்துக்கு மேல் பூட்டு, பிறப்புச் சான்றிதழுக்கு மேல் தேத்தண்ணிக் கோப்பை.

அவற்றுக்குப் பின்னால் ராத்தா இருப்பார். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியை ராத்தா என்போம். அவருக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரைக்கும் வெட்டியாகத் திரிந்த எங்கள் ஐந்து பேருக்கும் பதினெட்டு, பத்தொன்பது. அவருடைய பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் போன் எடுத்து ஏசுவார். இப்போது நான் புத்தளத்தில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன், இரண்டு பிள்ளைகளின் வாப்பா. இந்த வயதிலும் அவரிடம் ஏச்சு வாங்க எனக்குப் பயம்தான்.

முதன்முதலில் அவரிடம் போனது ஐந்நூறு நோட்டீஸ் அடிக்க. 'களப்பைக் காப்போம், எதிர்காலத்தை மீட்போம்' என்று தொடங்கி ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தேன். என் எழுத்தில் எனக்கு அப்போது பெரிய நம்பிக்கை. ஊர்வலம், தொப்பி, பதாகை, ஒலிபெருக்கி எல்லாம் திட்டத்தில் இருந்தன. ராத்தா முழுவதையும் வாசித்தார். பேனை மூடியைக் கடித்தபடி இரண்டாம் தரமும் வாசித்தார்.

"எழுத்து நல்லா இரிக்கி. இத வாசிச்சிட்டு ஒரு மனிசன் இப்ப, நிக்கிற எடத்துல, என்ன செய்யணும்?"

என் கூட்டாளி பர்ஹானுக்கு எப்போதும் வாய் முந்தும். "களப்பக் காப்பாத்தணும் ராத்தா" என்றான்.

"எப்பிடி? கையால பொத்திக்கிட்டு நிக்கிறதா?"

அவர் சிவப்புப் பேனையை எடுத்தார். ஊர்வலத்தை வெட்டினார். தொப்பியை வெட்டினார். எதிர்காலத்தை வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் "இன்னும் பெரிசா இரிக்கி, இன்னும் பெரிசா இரிக்கி" என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் ஒரு வரியும் மிஞ்சவில்லை. பிறகு அவரே கேட்டார், கரையில் அதிகமாகக் கிடக்கும் குப்பை என்ன என்று. கிழிந்த வலை பொத்துகிறவர்கள் நறுக்கிப் போடும் நைலோன் துண்டு என்றோம். அந்தத் துண்டு எங்கே விழுகிறது? காலடியில். அங்கிருந்து? தண்ணீருக்குள்.

"அப்ப படகுக்கு ஒரு பால்மா டின். நறுக்குற துண்டு டின்னுக்குள்ள. இவ்வளவுதான். போய்க் கேளுங்க."

"நோட்டீஸ் ராத்தா?"

"வாய் இரிக்கே. இந்தக் காத்துக்கு நோட்டீஸ் அடிச்சா அதுவும் களப்புக்குள்ளதான் போகும்."

ஐந்நூறு கொப்பி அடித்தால் அன்றைய வியாபாரம் முடிந்தது. அதை விட்டுவிட்டு வெறுங்கையோடு எங்களை அனுப்பினார். கடை அவருடைய நானாவுடையது, அதாவது அண்ணனுடையது. நானா அறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் பல தரம் யோசித்திருக்கிறேன்.

எனக்குக் கிடைத்தது மாம்புரிப் பக்கத்துக் கரை. கையில் டின்னோடு, வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு மனிதருக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் நின்றேன். வாய் திறபடவில்லை. மேடையில் பேசச் சொன்னால் பேசியிருப்பேன், பாடசாலையில் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். இது வேறு. கடைசியில் அவரே தலையைத் தூக்கினார்.

"என்ன தம்பி, டின் விக்கிறியா?"

"இல்ல அண்ணே, சும்மாதான் தாறன்."

"சும்மா தந்தா எனக்கு என்னத்துக்கு?"

விசயத்தைச் சொன்னேன். மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் நடுவில் நின்றுபோனது. அவர் ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு, யாருடைய மகன் என்று கேட்டார். வாப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"அதானே பாத்தன். அவனுக்கும் கதைக்க வந்தா மூச்சு வாங்கும்" என்று சொல்லி டின்னை வாங்கிப் படகுக்குள் எறிந்தார்.

ஒரு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தேன். டின்னுக்குள் அவருடைய வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் வசதியாக இருந்தன. நைலோன் துண்டுகள் வழக்கம்போல மணலில் கிடந்தன. தோற்றுப்போனவன் மாதிரி வந்து ராத்தாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை.

"டின் படகுலதானே இரிக்கி? அப்ப இன்னொரு டின் கொண்டு போ. வெத்திலைக்கு ஒண்டு, நைலோனுக்கு ஒண்டு. திருப்பிக் கேளு."

திருப்பிக் கேட்டேன். இரண்டாவது டின்னில் நைலோன் விழுந்தது. அது பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குச் சைக்கிளில் திரும்பி வரும்போது நான் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது உண்மை.

ராத்தாவின் கொள்கை என்று ஒன்று இருந்ததென்றால் அது இதுதான். நல்லது செய்வது லேசு என்பார். "கண்ண மூடிட்டுச் செஞ்சிரலாம். அடுத்த மனிசன்ட மூஞ்சப் பாத்து, நீங்களும் செய்யுங்கன்டு கேக்குறதுதான் கஷ்டம். அதுக்குத்தான் உங்கள மாதிரி எளம் பொடியன்கள் வேணும். உங்களுக்கு இன்னும் வெக்கம் கெட்டுப் போக நாள் இரிக்கி." கேட்பதும் சின்னதாக இருக்க வேண்டும். கேட்கப்பட்டவர் நிற்கிற இடத்திலேயே, கையில் இருப்பதை வைத்தே செய்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதாக எதைக் கேட்டாலும் மனிதன் "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லித் தப்பிவிடுவான் என்பது அவருடைய அனுபவம்.

பஸ் விசயம் அப்படித்தான் தொடங்கியது. ஒரு நாள் வயதான ஒருவர் ஏறி ஆசனத்தில் இருக்கும் முன்பே பஸ் இழுத்து, அவர் ஆசனக் கம்பியில் முகம் அடிபட விழுந்ததை ராத்தா கண்டார். வேறு யாராவது என்றால் முறைப்பாடு எழுதுவார்கள், பேஸ்புக்கில் போடுவார்கள். இவர் கொண்டக்டரைப் பிடித்தார். அவன் சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பொடியன், எங்கள் வயதுதான், தமிழ் நன்றாகக் கதைப்பான். ராத்தா அவனைச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, "மல்லி, வயசாளி ஏறினா, இருந்த பொறகு பெல் அடிங்க" என்றார். சனத்துக்குள் தனக்குத் தெரியாதே அக்கே என்று அவன் சொன்னான். அது நியாயமாகப் பட்டது ராத்தாவுக்கு. உடனே எங்களுக்கு வேலை வந்தது. பஸ்ஸில் போகிற யாராவது, முதியவர் ஆசனத்தில் இருந்ததும் "இருந்தாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்வதோடு, பக்கத்தில் இருக்கிறவரையும் அடுத்த தரம் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்.

முதல் நாள் நான் "இருந்தாச்சு" என்று கத்தியபோது முழுப் பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. யாருக்கு என்ன ஆனது என்று ஒரு பெண் பதறிப்போய்க் கேட்டார். காது மடல் சூடாகிவிட்டது எனக்கு. இரண்டு மாதம் போயிருக்கும், ஒரு நாள் அந்தக் கொண்டக்டரே "இருந்தாச்சா?" என்று கேட்க, பின்னால் இருந்து எனக்குத் தெரியாத ஒரு பாடசாலைப் பிள்ளை "இருந்தாச்சு" என்றது. நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். அழுகை மாதிரி ஒன்று வந்தது. ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியாது.

நல்லவர் என்று எழுதிக்கொண்டு போகிறேன், ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. சரியான முன்கோபி. கேட்கச் சொன்னதைக் கேட்காமல் வந்து நின்றால் தலையை நிமிர்த்த மாட்டார், ஸ்டேப்ளரை மட்டும் டக் டக் என்று அடித்துக்கொண்டிருப்பார். பர்ஹானுடைய வாப்பா, பள்ளிவாசல் வாசலில் மோட்டார் சைக்கிளை ஓடவிட்டபடியே நின்று ஊர்க்கதை கதைக்கிறவர். உள்ளே தொழுகிறவர்களுக்கு அந்தச் சத்தம் பெரிய இடைஞ்சல். அவரிடம் போய் எஞ்ஜினை நிற்பாட்டச் சொல்லி அவனே கேட்க வேண்டும் என்று ராத்தா சொல்லிவிட்டார். வாப்பாவிடமா என்று பர்ஹான் ஒரு கிழமை ஒளித்துத் திரிந்தான். ராத்தா அவனுடைய வேலை விண்ணப்பத்தின் கொப்பிகளை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். விண்ணப்பம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. அவன் போய்க் கேட்டான்.

"என்ன சொன்னாரு வாப்பா?"

"அந்த எடத்துல ஒண்டும் சொல்லல்ல ராத்தா. எஞ்ஜின ஓஃப் பண்ணினாரு. பொறகு வீட்டுல வச்சு நல்லா ஏசினாரு."

"ஏசினா ஏசட்டும். ஓஃப் பண்ணினார்தானே" என்று லாச்சியைத் திறந்தார். அது அநியாயம் என்று நான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

பிறகு அவர் வண்ணாத்திவில்லுப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனார். அங்கேயும் ஒரு முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தையே தன் வழிக்குக் கொண்டுவந்துவிட்டதாகக் கேள்வி. எங்கள் ஊர்க் கடையில் இப்போது அவருடைய நானா இருக்கிறார். நோட்டீஸ் தாராளமாக அடித்துத் தருவார்.

அவர் ஊரில் இருந்தபோது நடந்த போட்டோ விசயத்துக்கு வருகிறேன். சொல்லாமல் விட்டால் இதை எழுதி வேலையில்லை.

படம் எடுக்கக்கூடாது என்பது ராத்தாவின் கட்டளை. "படம் எடுத்த ஒடனே வேல முடிஞ்ச மாதிரி மனசுக்குப் பட்டிரும். அதோட, படத்துல ஒராள் குடுக்கிறவர், ஒராள் வாங்குறவர் ஆயிருவாரு. நாங்க அப்பிடி வேல ஒண்டும் செய்யல்ல." நாங்கள் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டோம். அந்த நேரம் பார்த்து ஆலங்குடாப் பொடியன்கள், பட்டம் விட்டுக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடற்கரை துப்புரவாக்குகிற படம் ஒன்றைப் பேஸ்புக்கில் போட்டார்கள். பகிர்ந்து பகிர்ந்து அது ஊரெல்லாம் போனது. பாராட்டுக் குவிந்தது. நாங்கள் ஒரு வருசமாக வாய் வலிக்கக் கேட்டுத் திரிகிறோம், ஒரு நாய்க்கும் தெரியாது. எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமைதான், வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

நோன்பு வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு நோன்புக் கஞ்சி கொடுப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பிள்ளைகள் சட்டி கொண்டுபோய் எடுத்து வருவார்கள். அனுப்பப் பிள்ளையில்லாத வீட்டுக்குக் கஞ்சி இல்லை. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, அப்படி ஆகிவிடுகிறது. ராத்தா அதைப் பிடித்தார். கஞ்சிக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் பக்கத்து வீட்டு வாசலில் நின்று "சட்டி இரிக்கா?" என்று கேட்க வேண்டும். பிள்ளைகளை அப்படிக் கேட்கச் சொல்லி நாங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். அனுப்பும்போது ராத்தா ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்.

"நாங்க கஞ்சி குடுக்குறல்ல. அது ஊருக் கஞ்சி, அவங்கட கஞ்சி. நாங்க சட்டியத் தூக்குறது மட்டுந்தான். வெளங்கிச்சா?"

விளங்கிற்று என்றோம். மூன்றாம் நோன்பில் எங்கள் ஒழுங்கையில் வாசலுக்கு வாசல் சட்டி வைத்திருந்தார்கள். அலுமினியச் சட்டி, எவர்சில்வர் தூக்கு, மூடி தொலைந்த கேத்தல் என்று எல்லா வகையும் இருந்தன.

அந்த ஒழுங்கையின் கடைசி வீட்டில், சின்னம்மா முறையில் நாங்கள் சாச்சி என்று அழைக்கும் ஒருவர் இருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் அவருடைய கணவர் மௌத்தாகியிருந்தார். சாச்சி இத்தாவில் இருந்தார். கணவரை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிக்கிடாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கிற காலம் அது. ஒரே மகன் கத்தாரில். ஒவ்வொரு வருசமும் கஞ்சி எடுத்து வந்தது அந்தக் கணவர்தான். இந்த வருசம் அந்தச் சட்டி என் பங்குக்கு வந்தது.

நான்காம் நோன்பன்று கஞ்சியோடு அவர் வாசலில் நின்றேன். திரைச்சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. பர்ஹானிடம் போன் இருந்தது. எடுடா என்று கண்ணைக் காட்டினேன். வெளிச்சம் சரியில்லை என்று அவன் சாடை காட்டினான். நான் சட்டியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, "இன்னொருக்கா நீட்டுங்க சாச்சி" என்றேன். சட்டி வழுக்குகிறதாக்கும் என்று நினைத்து அவர் இரண்டு கையையும் நீட்டினார். படம் வடிவாக வந்தது. பச்சைத் திரைச்சேலை, இரண்டு கை, கஞ்சிச் சட்டி, பக்கத்தில் சிரித்தபடி நான். 'ஆதரவற்ற விதவைத் தாய்க்குக் கஞ்சி வழங்கும் எமது ஊர் இளைஞர்கள்' என்று எழுதியது நான்தான். எனக்கு எழுத்தில் நம்பிக்கை என்று முன்பே சொன்னேனே.

நோன்பு திறக்கும் முன்பே ஐம்பது பேர் பகிர்ந்துவிட்டார்கள். அடுத்த நாள் அசருக்குப் பிறகு ஒழுங்கைக்குப் போனபோது சாச்சியின் வாசலில் சட்டி இல்லை. கதவு சாத்தியிருந்தது. அதற்கு முந்தின வீட்டிலும் சட்டி இல்லை. அதற்கு முந்தின வீட்டிலும் இல்லை. நாளைக்குத் தங்கள் கையும் பேஸ்புக்கில் வருமோ என்று எல்லோரும் உள்ளே எடுத்துவிட்டார்கள். சாச்சிக்குப் பக்கத்து வீட்டார் கொண்டுபோன கஞ்சியும் திரும்பி வந்தது. "நான் ஆதரவத்தவ இல்ல" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொல்லி அனுப்பினாராம். வெளியே வந்து தானே எடுக்கவும் அவருக்கு முடியாது. நோன்போடு, தனியாக, அந்த வீட்டுக்குள் இருந்தார்.

மூன்று நாள் அப்படிப் போனது. நாலாம் நாள் நானே ராத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவர் படத்தை முதல் நாளே பார்த்துவிட்டார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். மேசை மேலிருந்த கடுதாசிகளைச் சரிபார்த்தபடி "இப்ப என்ன செய்யப் போற?" என்று மட்டும் கேட்டார்.

படத்தை அழித்துவிட்டேன், மன்னிப்புக் கேட்டு நீளமாக ஒன்று எழுதிப் போடப்போகிறேன் என்றேன். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பள்ளிவாசல் நிருவாகத்தோடு போய்ச் சாச்சியிடம் கேட்கிறோம் என்றேன். வேண்டாம். ஐந்து பேரும் சேர்ந்து உலருணவு கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்றேன். அப்போது மட்டும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

"அவங்கட மகனுக்குப் போன் எடு. நான்தான் எடுத்தன்டு சொல்லு. மன்னிப்புக் கேளு. அதோட நிக்காத. உம்மாட்ட சட்டிய வைக்கச் சொல்லி அவர்ட்டக் கேளு."

"ஏசுவாரு ராத்தா."

"ஏசுவாரு."

பர்ஹானுடைய மச்சான் மூலம் நம்பர் கிடைத்தது. ராத்தா என்னைக் கடைக்குள் தன் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு வெளியே போனார். காற்று அடித்துக் கதவு படபடக்கும் என்பதால், வெளியே நின்றபடி கதவைச் சாத்திக் கையால் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்கு அப்பால் அவருடைய முதுகு தெரிந்தது. போனில் ஐமோ வழியாக அழைத்தேன்.

யார் என்று சொன்னேன். அவர் கேட்டார்.

"என்ட உம்மா ஆதரவத்தவவா?"

"இல்ல நானா."

"அப்ப நான் மௌத்தாகிட்டனா?"

"இல்ல நானா."

"வாப்பாட மையித்தப் பாக்கவும் எனக்கு வரக் கெடைக்கல்ல. இங்க ரூம்ல இரிக்கிறவங்க உன்ட படத்தக் கொண்டு வந்து என்னட்டக் காட்டினாங்க. 'ஒங்கட ஊருதானே, இந்த உம்மாக்கு நாங்களும் சேத்து ஏதும் அனுப்புவமா'ன்டு கேட்டாங்க. என்ட உம்மான்டு அவங்களுக்குத் தெரியா. நான் என்னத்தச் சொல்லுற? சொல்லு, நான் என்னத்தச் சொல்லுற?"

மன்னிப்புக் கேட்டேன். வைத்துவிடலாம் என்று கை போனது. கதவுக்கு வெளியே நின்ற முதுகைப் பார்த்துவிட்டு மிச்சத்தையும் கேட்டேன்.

"நானா, உம்மாட்ட சட்டிய வாசல்ல வைக்கச் சொல்லுங்க. மூணு நாளா வைக்கல்ல. ஆரு குடுத்தாலும் எடுக்குறாவும் இல்ல."

"மூணு நாளாவா? கஞ்சி குடிச்சன், எல்லாம் இரிக்கி மகன்டு நேத்தும் சொன்னாவே."

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அழைப்பு அறுந்தது.

ராத்தா உள்ளே வந்தார். காற்றில் முக்காடு கலைந்து, கண் முழுக்க மணல். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கேட்டாயா என்று மட்டும் கேட்டார். கேட்டேன் என்றேன். "அப்ப இண்டைக்கும் போ. நாளைக்கும் போ. வாசல்ல நின்டு கேளு" என்றார்.

அன்று போய் நின்றேன். ஒழுங்கை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, சாத்தின கதவைப் பார்த்து, "சாச்சி, சட்டி இரிக்கா?" என்றேன். கதவு திறக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒரு வேலியோரம் நின்ற பெண், "வெக்கமில்லயா இவனுக்கு" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார். இருந்தது, நிறைய இருந்தது. மூன்றாம் நாளும் போனேன்.

மூன்றாம் நாள் கதவு கொஞ்சம் திறந்தது. திரைச்சேலைக்குக் கீழால் சட்டி வெளியே தள்ளப்பட்டது. கை தெரியவில்லை.

"நீதானா மகன் படம் எடுத்த?"

"ஓம் சாச்சி. மன்னிச்சுக்கங்க."

"கை மட்டுந்தான் படத்துல இரிந்திச்சாமே. பேரும் இல்லயாம், ஊரு மட்டுமாம். பாத்த ஒடனே உங்கட கையின்டு தெரிஞ்சிச்சு உம்மான்டு மகன் சொன்னாரு. வாப்பா மௌத்தான பொறகு அவரு என்னட்ட ஒரு நாளும் அழுவல்ல. நான் பயந்திருவன்டு அடக்கிக்கிட்டு இரிந்திரிக்காரு. முந்தாநேத்து அழுதாரு. ரெண்டு பேரும் நல்லா அழுதம்."

நான் குனிந்து சட்டியை எடுத்தேன்.

"நாளைக்கும் நீயே வா. வேற ஆள அனுப்பாத. போற வழியில அந்தப் பக்கத்து வீட்டுலயும் கேளு. வேலியால நான் சொல்லி வச்சிரிக்கன், சட்டி தருவாங்க."

தந்தார்கள். அதற்கடுத்த வீட்டிலும் தந்தார்கள். இரண்டு கையிலும் சட்டி, சைக்கிள் ஹேண்டிலில் தூக்கு. எல்லாவற்றையும் நிரப்பி வீடு வீடாகக் கொடுத்தேன். சாச்சியின் வாசலில் சட்டியை வைத்துவிட்டு, திரும்பி நின்றுகொண்டு, அவர் எடுத்த சத்தம் கேட்ட பிறகே அங்கிருந்து வந்தேன். அப்படியே கடைக்குச் சைக்கிளை மிதித்தேன். நோன்பு திறக்க இன்னும் பத்து நிமிசம்தான் இருந்தது, ராத்தா கடை பூட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மகன் அழுததை, சாச்சி வேலியால் கேட்டு வைத்ததை, நாளைக்கும் என்னையே வரச் சொன்னதை. ராத்தா பூட்டில் சாவியை வைத்தபடி முழுவதையும் கேட்டார். கண் கலங்கியிருந்தது. மணலாகவும் இருக்கலாம். என்னை மெச்சி ஒரு சொல் சொல்லுவார் என்று நின்றேன்.

"கஞ்சி சூடா இரிந்திச்சா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு போனது நான், தொட்டுப் பார்க்கவில்லை. தெரியா ராத்தா என்றேன். அவர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போ மகன், நோன்பு தொறக்கப் போகுது என்று சொல்லி நடந்தார்.

அடுத்த நாள் அசர் முடிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றேன். அண்டாவிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றச் சொன்னேன். சட்டியைத் தட்டால் மூடி, என் சால்வையைச் சுற்றிக் கட்டி, யாரோடும் ஒரு வார்த்தை கதைக்காமல் பள்ளிவாசலிலிருந்து சாச்சியின் வாசல் வரைக்கும் ஓடினேன். உள்ளங்கை இரண்டும் நன்றாகச் சுட்டது.